பிரம்பும் துடைப்பமும்: பள்ளித் தண்டனை, அன்றும் இன்றும்



தாத்தா இரட்டைமலை சீனிவாசன் நினைவு நாளில் பேச அழைத்ததற்கு நன்றி. 1893இல் அவர் தொடங்கிய 'பறையன்' இதழைப் பற்றியும், அண்ணல் அம்பேத்கரோடு அவர் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றதைப் பற்றியும் நாம் பலமுறை பேசியிருக்கிறோம். நான் இன்று அவருடைய பள்ளிப் பருவத்திலிருந்து தொடங்குகிறேன்.

கோயம்புத்தூரில் படித்த நாட்களைத் தன் வாழ்க்கைக் குறிப்பில் அவர் நினைவுகூர்கிறார். உடன் படித்தவர்களில் பெரும்பாலோர் பிராமணப் பிள்ளைகள். தன் சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவார்களே என்ற அச்சம் அவருக்கு. அதனால் மணி அடிக்கும்வரை வெளியிலேயே இருந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். வகுப்பு கலைந்ததும் மற்ற பிள்ளைகள் எட்டிப்பிடிக்க முடியாதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார்.

இந்தக் காட்சியில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. பிரம்பு கண்ணில் படவில்லை. ஆனாலும் ஒரு சிறுவன் தினமும் தண்டனை அனுபவிக்கிறான். செய்த குற்றம் என்னவென்று கேட்டால் பிறந்ததைத் தவிர வேறு பதில் இல்லை. பள்ளித் தண்டனை பற்றிய பேச்சையெல்லாம் நாம் பிரம்போடு முடித்துக்கொள்கிறோம். பிரம்பு வகுப்பறையை விட்டுப் போன பின்னும் நம் பிள்ளைகளுக்கான தண்டனை போகவில்லை. அது ஏன் என்பதுதான் என் உரையின் பொருள்.

திண்ணையும் வயலும்

பழைய திண்ணைப் பள்ளிகளின் கண்டிப்பைப் பெருமையோடு பேசுபவர்கள் இன்றும் உண்டு. கோதண்டம் போட்டார்கள், அதாவது கயிற்றில் தொங்கவிட்டு அடித்தார்கள். வாத்தியார் இல்லாத நேரத்தில் சட்டாம்பிள்ளை அடித்தான். முட்டி போடவைத்தார்கள். அப்படிப் படித்தவர்கள்தான் பெரிய ஆளானார்கள் என்பார்கள். அந்தத் திண்ணையில் நம் பாட்டன் பூட்டன் உட்கார்ந்திருந்தார்களா என்று மட்டும் இவர்கள் கேட்பதில்லை. சேரிப் பிள்ளைகளுக்கென்று ஊரூரில் 1894இல் கர்னல் ஆல்காட் ஒரு பள்ளியைத் திறந்தார். தனியாக ஒன்றைத் திறக்க வேண்டியிருந்தது என்பதே மற்றப் பள்ளிகளின் கதவு எப்படியிருந்தது என்பதற்குச் சான்று.

திண்ணையில் அடி வாங்காத நம்மவர்கள் வயலில் வாங்கினார்கள். நான் கீழத்தஞ்சைக்காரன். சாணிப்பாலும் சவுக்கடியும் எங்கள் ஊர்களில் கதையல்ல. வேலைக்குத் தாமதமாக வந்த பண்ணையாளைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடிப்பது, சாணியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைப்பது என்பது பண்ணைகளின் வழக்கம். 1940களில் விவசாயத் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டு போராடித்தான் அதற்கு முடிவுகட்டினார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆக, நம் உடம்புக்கு எழுத்து வந்து சேர்வதற்கு வெகு காலம் முன்பே கோல் வந்து சேர்ந்துவிட்டது.

இதை நான் புரிந்துகொண்டது என் அப்பா மூலம். 1980களின் பிற்பகுதியில் என்னை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தபோது அவர் வாத்தியாரிடம் சொன்னது: "கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிடுங்க ஐயா." நீங்களும் இதைக் கேட்டிருப்பீர்கள். வெகு நாள் எனக்கு அப்பா மேல் அதற்காகக் கோபம் இருந்தது. சமூகவியல் படிக்கப் போன பிறகுதான், அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று யோசித்தேன். தாத்தா வேலைக்கு நேரம் கழித்துப் போனதற்காகச் சவுக்கடி பட்டவர். மகன் எழுத்து வராததற்காக அடி வாங்குவது அப்பாவுக்கு ஒரு படி உயர்வாகத் தெரிந்திருக்கிறது. ஊர்ப் பிள்ளையை அடிப்பதுபோல என் பிள்ளையையும் அடியுங்கள் என்று அவர் சமத்துவம் கேட்டிருக்கிறார்.

அந்தச் சமத்துவமும் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. வீட்டுப்பாடம் முடிக்காத மிராசு வீட்டுப் பையனிடம், "உங்க அப்பாகிட்ட சொல்லட்டுமா?" என்பதோடு விட்டுவிடுவார் வாத்தியார். ஊர்ப் பிள்ளைகளில் சிலருக்குக் காதைத் திருகுவார், தலையில் குட்டுவார். எங்களுக்குப் பிரம்பு. ஏன் எங்களுக்கு மட்டும் குட்டு விழவில்லை என்று அந்த வயதில் நான் யோசித்ததில்லை. குட்டுவதற்குத் தலையைத் தொட வேண்டும். பிரம்புக்கு மூன்றடி நீளம்.

இன்னொன்றும் நினைவிருக்கிறது. "ஸ்காலர்ஷிப் பசங்கல்லாம் எழுந்து நில்லுங்கடா" என்று வருடத்துக்கு இரண்டு மூன்று முறை குரல் வரும். எழுந்து நிற்போம். வகுப்பே திரும்பிப் பார்க்கும். வீட்டுப்பாடம் முடிக்காதபோதும் எழுந்து நின்றோம், அரசாங்கம் உதவித்தொகை கொடுத்தபோதும் எழுந்து நின்றோம். இரண்டுக்கும் வேறுபாடு தெரியாத அளவுக்கு அந்த நிற்றல் ஒன்றாகவே இருந்தது.

குற்றமில்லாத தண்டனை

இது என் ஒருவனின் அனுபவமாக இருந்தால் இங்கே சொல்ல வேண்டியதில்லை. தலித் தன்வரலாறுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், பள்ளிக்கூடம் வராத தன்வரலாறு அநேகமாக இல்லை. சாத்தாராவில் படித்த சிறுவன் பீமராவ் தான் உட்காரச் சாக்குத்துண்டை வீட்டிலிருந்து எடுத்துப் போனார். பள்ளிக் குழாயை அவர் தொடக்கூடாது. கடைநிலை ஊழியர் வந்து திறந்துவிட்டால் தண்ணீர். அவர் வராத நாளில் தாகம்தான். 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு'வில், தேங்காய் திருடியதாகப் பழி சுமத்தப்பட்ட மாணவி சாதியைச் சொல்லி ஏசப்பட்டு வகுப்புக்கு வெளியே நிறுத்தப்படுகிறார். 1997இல் இந்தியில் வந்த ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூட்டன்' நூலில், தலைமை ஆசிரியர் சிறுவன் கையில் துடைப்பத்தைக் கொடுத்துப் பள்ளி முழுவதையும் பெருக்கவைக்கிறார். மற்றவர்கள் உள்ளே பாடம் படிக்கிறார்கள். மூன்றாம் நாள் தற்செயலாக அந்தப் பக்கம் வந்த அப்பா துடைப்பத்தைப் பிடுங்கி எறிந்து சத்தம் போடுகிறார்.

சாத்தாரா, தமிழகம், உத்தரப்பிரதேசம் என்று ஊர் வேறு, மொழி வேறு, காலம் வேறு. இவற்றில் எங்கும் பிள்ளை செய்த தவறு என்று ஒன்று இல்லை. சாதாரணமாகப் பள்ளித் தண்டனை என்பது செய்த ஒரு செயலுக்கு. அந்தச் செயலைத் திருத்திக்கொண்டால் அடுத்த நாள் அடி இல்லை. பிறப்புக்காகத் தரப்படும் தண்டனையிலிருந்து தப்பிக்கப் பிள்ளை எதைத் திருத்திக்கொள்ளும்? பள்ளிக்கு வராமல் இருப்பது ஒன்றுதான் வழி. நம் பிள்ளைகளின் இடைநிற்றலுக்கு வறுமையை மட்டும் காரணமாக எழுதுபவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

சட்டம் சொல்வது

சட்டத்தில் மாற்றம் வந்திருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஒரு காலத்தில் கல்வி விதிகளே பிரம்படிக்கு இடம் கொடுத்தன. 2000இல் தில்லி உயர்நீதிமன்றம் அங்கே அப்படிப்பட்ட விதிகளைச் செல்லாதென்று அறிவித்தது. தமிழ்நாட்டில் 2003இல் கல்வி விதிகளின் 51ஆவது விதி திருத்தப்பட்டு, உடலுக்கோ மனத்துக்கோ வேதனை தரும் தண்டனை தடை செய்யப்பட்டது. 2007இல் ஒன்றிய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் எடுத்த ஆய்வு, பள்ளி செல்லும் குழந்தைகளில் 65 விழுக்காட்டினர் அடி உள்ளிட்ட தண்டனைக்கு ஆளானதாகச் சொன்னது. மூன்று பேரில் இரண்டு பேர். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆவது பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது.

இந்தப் பிரிவின் ஓட்டைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். மீறினால் அந்த ஆசிரியர்மேல் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை என்று மட்டுமே அது சொல்கிறது. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கானது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் போனவர்கள் பெரும்பாலும் அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறார்கள்.

நம் வேலைக்கு மிகவும் பயன்படக்கூடியது தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல். பள்ளித் தண்டனையை அது மூன்றாக வகைப்படுத்துகிறது: உடல் தண்டனை, மனத் துன்புறுத்தல், பாகுபாடு. சாதி பார்த்து வேலை கொடுப்பதும், சாதி பார்த்து உட்காரவைப்பதும் மூன்றாவது வகையில் வருகின்றன. கழிப்பறையைக் கழுவச் சொல்வதும் தண்டனைதான் என்று அரசின் ஆணையமே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2024 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் இந்த வழிகாட்டுதல்களைத் தமிழ்நாட்டில் நடைமுறைப்படுத்தச் சொன்னது. ஆனால் நடைமுறையில் கல்வித்துறையின் காதுக்கு எட்டுவது முதல் வகை மட்டும்தான். காயம் இருக்கிறதா, புகைப்படம் இருக்கிறதா என்று கேட்பார்கள். துடைப்பம் உடம்பில் தழும்பு வைப்பதில்லை.

இன்று

2022இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவவைத்ததாகப் புகார் எழுந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாகித் தலைமை ஆசிரியை கைதானார். அதே ஆண்டு ராஜஸ்தானின் ஜாலோர் மாவட்டத்தில் ஒன்பது வயது தலித் சிறுவன் ஆசிரியர் அடித்த பின் சிகிச்சை பலனின்றி இறந்தான். ஆசிரியரின் தண்ணீர்ப் பானையைத் தொட்டதுதான் காரணம் என்று குடும்பம் குற்றம்சாட்டியது. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளி, மாதவிடாய் வந்த எட்டாம் வகுப்பு தலித் மாணவியை வகுப்பறைக்கு வெளியே உட்காரவைத்துத் தேர்வு எழுதவைத்தது. 'கருக்கு' வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. வெளியே நிறுத்துவது மாறவில்லை.

இந்தச் சூழலில்தான், "பிரம்பைப் பிடுங்கியதால் பசங்க கெட்டுப்போனாங்க, கையில் கயிறு கட்டிக்கொண்டு வெட்டிக்கொள்கிறார்கள்" என்ற பேச்சு எழுகிறது. நாங்குநேரியை உதாரணம் காட்டுகிறார்கள். 2023 ஆகஸ்டில் அங்கே நடந்ததை நினைத்துப் பாருங்கள். உடன் படிக்கும் ஆதிக்கச் சாதி மாணவர்களின் தொல்லை தாங்காமல் ஒரு தலித் மாணவர் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார். ஆசிரியர்கள் விசாரித்தபோது நடந்ததைச் சொன்னார். சொன்னதற்காக அன்றிரவே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கையும் வெட்டுப்பட்டார். புகார் கொடுத்த பிள்ளையைக் காக்க அங்கே ஒரு ஏற்பாடும் இருக்கவில்லை. கையில் பிரம்பு இருந்திருந்தால் அந்த ஏற்பாடு வந்திருக்குமா?

இதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிகளின் பெயரிலிருந்து சாதியை நீக்குவது, சாதி அடையாளக் கயிறுகளைத் தடுப்பது, பெயரின் அகரவரிசைப்படி மாணவர்களை உட்காரவைப்பது எனப் பல பரிந்துரைகள் அதில் உள்ளன. பிரம்பில்லாத ஒழுங்கு எப்படியிருக்கும் என்று கேட்பவர்கள் அதைப் படிக்கலாம். யார் எங்கே உட்கார்வது என்பதைச் சாதி தீர்மானிக்காமல் எழுத்து தீர்மானிப்பதும் ஒழுங்குதான்.

ஆசிரியர்களின் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் பள்ளிகள் இருக்கின்றன. பாடத்தோடு ஆயிரம் வேலைகள் அவர் தலையில். ஆள் பற்றாக்குறையைப் பிள்ளையின் முதுகில் தீர்க்க முடியாது என்பதுதான் நம் பதில். நம் பக்கமும் கணக்குப் பார்க்க வேண்டும். அடியாத மாடு படியாது என்று நாமும் சொல்கிறோம். நம்மில் ஆசிரியரானவர்களும் அடிக்கிறோம். இன்றைக்கும் "தோல உரிச்சிடுங்க" என்று சொல்லும் அப்பாக்கள் நம் தெருவில் இருக்கிறார்கள். அவர்களைக் கேலி செய்யாமல், அவர்கள் கேட்ட சமத்துவம் அந்த வழியில் கிடைக்காது என்று உட்கார்ந்து பேச வேண்டும்.

செய்ய வேண்டியது

மாணவர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் சில வார்த்தைகள். புகார் எழுதும்போது அடியோடு நிறுத்தாதீர்கள். மூன்று வகையையும் தனித்தனியாக எழுதுங்கள். யார் பெருக்குகிறார்கள், யார் கழிப்பறைக்குத் தண்ணீர் தூக்குகிறார்கள், யார் கடைசி வரிசையில் உட்கார்கிறார்கள், எந்தத் தெருப் பிள்ளைக்கு முதலில் மாற்றுச் சான்றிதழ் நீட்டப்படுகிறது என்று பெயர், தேதியோடு குறித்துவையுங்கள். சாதி பார்த்து நடந்தது என்றால் துறை விசாரணையோடு விட்டுவிடாமல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் கையில் எடுங்கள். 1098, 14417 ஆகிய எண்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அந்த நாற்காலிகளில் நம் அம்மாக்கள் உட்காரட்டும். புகார் கொடுத்த பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். சில நாட்களுக்காவது யாராவது ஒருவர் கூடப் போய் வாருங்கள். நாங்குநேரி நமக்குச் சொல்லும் பாடம் இது.

தாத்தா சீனிவாசன் மணி அடித்ததும் வேகவேகமாக வீட்டுக்கு நடந்தார். நம் பிள்ளைகள் மணி அடித்த பின்னும் பள்ளித் திடலில் நின்று விளையாடி, குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு, எல்லோரோடும் பேசிக்கொண்டே மெதுவாக வீட்டுக்கு வர வேண்டும். அதுவரை தண்டனை ஒழிந்தது என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது.

ஜெய்பீம்.