ஷவர் ஃபில்டர் மாட்டினால் பரு போகுமா?

பருவுக்காக மட்டும் என்றால் வாங்க வேண்டாம். ஏன்னு பார்ப்போம்.

நம்ம ஊர் போர் தண்ணி பல இடங்களில் கடினநீர். அதாவது கால்சியமும் மக்னீசியமும் அதிகம். சோப்பு இவற்றோடு சேர்ந்தால் நுரைக்காது, பிசுக்காகிவிடும். பக்கெட்டில் படியும் அதே பிசுக்குதான் தோலிலும் ஒட்டி, வறட்சியும் அரிப்பும் தருது.

ஆனால் ஷவரில் மாட்டும் சின்ன ஃபில்டர் முக்கியமாகக் குறைப்பது குளோரினை. கடினத்தன்மை போக ரெசின் நிரப்பிய சாஃப்ட்னர் வேணும். அதுக்கு அவ்வப்போது உப்பும் போடணும். குளோரின் கலக்காத போர் தண்ணியில் இந்த ஃபில்டருக்கு என்ன வேலை?

சரி, சாஃப்ட்னரே வெச்சா? இங்கிலாந்தில் எக்ஸிமா உள்ள 336 குழந்தைகளிடம் சோதித்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் வீட்டில் 12 வாரம் சாஃப்ட்னர் ஓடியது. மறு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். தோலைப் பரிசோதித்த நர்ஸ்களுக்கு யார் எந்தப் பிரிவு என்று தெரியாது. இரண்டு பிரிவிலும் முன்னேற்றம் ஏறக்குறைய ஒன்றுதான்.

பரு வருவது ஹார்மோன், எண்ணெய்ச் சுரப்பு, அடைபட்ட துளை, பாக்டீரியா இவற்றால். அதற்கு அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு போன்ற நிரூபிக்கப்பட்ட மருந்துகள் இருக்கு. டாக்டரைக் கேட்டுப் போடுங்க.

சென்சிட்டிவ் தோலா? சோப்புக்குப் பதில் பிசுக்கு உண்டாக்காத சிண்டெட் பார், நன்றாக அலசுவது, ஈரம் காயுமுன் மாய்ஸ்சரைசர். முதலில் இதைச் செய்து பாருங்க.