கல்லூரிக்கு முந்தைய இரண்டு ஆண்டுகள்

1978ஆம் ஆண்டு வரை தமிழகத்தில் பள்ளி இறுதிக்கும் பட்டப்படிப்புக்கும் இடையே புகுமுக வகுப்பு என்று ஓராண்டு இருந்தது. அது நடைபெற்ற இடம் கல்லூரி. பள்ளி முடித்த மாணவன் மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியிலோ இராயப்பேட்டை புதுக்கல்லூரியிலோ சேர்ந்து, விரிவுரையைக் கேட்டுத் தானே குறிப்பெடுக்கவும், நூலகத்தில் வேண்டிய நூலைத் தேடவும், அங்கேயே தடுமாறி அங்கேயே கற்றுக்கொண்டான். மேனிலைக் கல்வி வந்தபோது அந்த ஓராண்டு இரண்டாண்டாகிப் பள்ளிகளைச் சேர்ந்தது. பாடங்கள் பள்ளிக்கு வந்தன. அந்தப் பழக்கங்கள் வரவில்லை. பன்னாட்டுத் தரத்தில் மேனிலைக் கலைத்திட்டம் அமைப்பது பற்றி இன்று பேசுவோர் இந்த இழப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

பின்னர் நேர்ந்தது யாவரும் அறிந்ததே. தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வு 2007இல் நீங்கியது. கிராமப்புற மாணவர்க்கு அது நன்மையே. எனினும் முழுப் பாரமும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணின் மேல் விழுந்தது. தனியார் பள்ளிகள் பல பதினோராம் வகுப்புப் பாடநூலை ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த ஆண்டின் பாடத்தையே ஈராண்டும் உருப்போடச் செய்தன. இதைத் தடுக்கவே 2017-18 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் அரசுப் பொதுத் தேர்வு வந்தது. 1200 என்றிருந்த மொத்த மதிப்பெண் 600 ஆயிற்று. அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் வழிகாட்டலில் புதிய பாடநூல்கள் 2018-19இல் பதினோராம் வகுப்புக்கும் மறு ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்புக்கும் வெளிவந்தன. ஆயினும் கல்லூரிச் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும் என 2018லேயே அறிவிக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, பதினோராம் வகுப்புப் பொதுத் தேர்வையே கைவிட்டது. மாணவரின் சுமை குறைந்தது மெய்தான். ஆனால் தேர்வு என்னும் காவலும் இல்லாத நிலையில் அந்த ஓராண்டு மீண்டும் களவு போகுமா என்பதே கேள்வி. காவல் இனிக் கலைத்திட்டத்திற்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

சென்னையின் தென்பகுதியில் வசதியுள்ள குடும்பங்கள் இதற்குக் கண்ட வழி, இண்டர்நேஷனல் பாக்கலோரியா என்னும் திட்டத்தைப் பின்பற்றும் பள்ளிகள். நாடு விட்டு நாடு மாறும் அலுவலர்களின் பிள்ளைகளை மனத்திற்கொண்டு 1968இல் ஜெனீவாவில் தோன்றிய திட்டம் அது. கட்டணம் நம்மில் பெரும்பாலோர்க்கு எட்டாதது. அதை அப்படியே நகலெடுக்கச் சொல்வதும் என் நோக்கமன்று. அதன் உள்ளமைப்பை மட்டும் காண்போம். ஆறு பாடங்கள் உண்டு. அவற்றோடு, ஒரு செய்தியை நாம் எவ்வாறு அறிகிறோம், எதை நம்பி உண்மை என்கிறோம் என்று ஆராயும் வகுப்பு ஒன்று உண்டு. மாணவன் தானே வினா ஒன்றைத் தேர்ந்து 4000 சொற்களுக்கு மிகாமல் ஆய்வுக் கட்டுரை எழுதுவதும் கட்டாயம். தனக்கு நன்கு வாய்த்த மொழியின் இலக்கியத்தைப் படிப்பதோடு பொதுவாக வேற்று மொழி ஒன்றையும் கற்க வேண்டும்.

இந்த மொழி ஏற்பாடு நம்மவர்க்குச் சுடும். உலகக் கல்வி என்றவுடன் இங்கே முதலில் கழற்றி விடப்படுவது தமிழ். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்கும் சட்டம் பத்தாம் வகுப்போடு நிற்கிறது; பதினோராம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சுக்குத் தாவுவோர் பலர். அரபு எடுப்போரிலும் அந்நோக்கத்தோடு வருவோர் உண்டென்பதை அரபு ஆசிரியனான நான் மறைப்பது முறையன்று. ஒரு மொழியில் ஆழமாகச் சிந்தித்துப் பழகாதவனுக்கு இரண்டாவது மொழி வெறும் சொற்பட்டியலாகவே நின்றுவிடுகிறது.

பன்னாட்டு நோக்கு என்பதைப் பாடநூலில் வெளிநாட்டுப் படங்களைச் சேர்ப்பதாகப் பலர் கருதுகின்றனர். அடையாற்றை எடுத்துக்கொள்வோம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டதாக அரசு கூறியது. ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர், எனவே விநாடிக்கு 8.2 லட்சம் லிட்டர். கோட்டூர்புரத்திலோ அடையாற்றிலோ வாழும் மாணவனுக்கு அது வீட்டுச் சுவரில் நின்ற நீரின் கறை. ஏரியின் கொள்ளளவு 3.645 டி.எம்.சி.; இந்த வேகத்தில் நீர் வெளியேறினால் முழு ஏரியும் வடிய எவ்வளவு நேரமாகும் என்பது கணக்கு. ஆற்றின் கரை ஏன் குறுகியது என்பது வரலாறு. நீரை எப்போது திறந்திருக்க வேண்டும் என்பது அறவியல். நிலத்தடி நீரை உறிஞ்சியே தரை தாழ்ந்து, தலைநகரை வேறிடத்துக்கு மாற்ற 2019இல் முடிவெடுக்கப்பட்ட ஜகார்த்தாவை அதனருகே வைத்துப் பார்க்கும்போது, அந்த மாணவனுக்கு உலகம் தன் தெருமுனையிலிருந்தே விரிகிறது. அவன் எழுதும் கட்டுரையை வழிகாட்டி நூலிலிருந்து பார்த்து எழுதவும் இயலாது.

நம் மதரஸாக்களில் இதற்குப் பழைய சாயல் ஒன்று உண்டு. ஆசிரியர் நடத்துமுன் மாணவன் பாடத்தைத் தானே வாசித்து வருவது முதாலஆ. நடத்தியபின் மாணவர்கள் தமக்குள் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்வது தக்ரார். கல்லூரி எதிர்பார்க்கும் பழக்கங்களில் பாதி இவ்விரண்டில் அடங்கும். மறு பாதியான சுயமாக எழுதுதலில்தான் நாம் பின்தங்கினோம். கடினமான இலக்கண உரையைத் தங்குதடையின்றி வாசித்துப் பொருள் சொல்லும் மாணவர், அதே செய்தியில் தம் கருத்தை ஒரு பக்கம் எழுதச் சொன்னால் பேனாவை உருட்டிக்கொண்டிருப்பதை ஆண்டுதோறும் காண்கிறேன்.

நடைமுறைச் சிக்கல் ஒன்றுண்டு. கொள்கை பேசுவோர் அதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. வகுப்பில் 40 பேர்; ஆளுக்கு 1000 சொற்கள் எழுதினால் 40,000 சொற்கள். ஓர் ஆசிரியர்க்கு மூன்று பிரிவுகள் என்றால் 1,20,000. ஒருமுறை திருத்துவதற்கே இவ்வளவு. திருத்தி எழுதச் செய்து மீண்டும் பார்ப்பதே பயிற்சியாகும். எனவே அந்தக் கட்டுரையை மொழியாசிரியர் ஒருவர் தலையில் கட்டாமல் எல்லாப் பாட ஆசிரியர்க்கும் பகிர்ந்தளித்து, அவரவர் கால அட்டவணையில் வாரம் இரண்டு பாடவேளைகளை இதற்கென ஒதுக்க வேண்டும். பதினோராம் வகுப்பில் ஒரே ஒரு கட்டுரை போதும், தமிழிலோ ஆங்கிலத்திலோ: ஜூலையில் வினா, அக்டோபரில் முதல் வரைவு, ஜனவரியில் முடிவு. இடையில் வரும் விடுமுறைகளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறந்தே இருக்கும் நாட்களுக்குக் குறைவில்லை.