உழவு இயந்திரப் பெட்டியின் பிறேக் விளக்கும் மின்தொடுப்புப் பழுதுகளும்

சுன்னாகம் சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் கமக்காரர் பலர் பொழுது புலருமுன்னரே புறப்படுகின்றனர். வெங்காயமும் கத்தரியும் கோவாவும் ஏற்றிய பெட்டியை இழுத்துக்கொண்டு உழவு இயந்திரம் காங்கேசன்துறை வீதியில் ஏறும் வேளையில் இருள் முற்றாக விலகியிருப்பதில்லை. தை, மாசி மாதங்களில் நெல் மூடையும் வைக்கோலும் இரவிலும் ஏற்றிச் செல்லப்படுகின்றன. பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவனுக்கு முன்னே ஒரு பெட்டி செல்கின்றது என்பதை அறிவிப்பது அதன் பின்புறத்துச் சிவப்பு விளக்கு. அது நிற்கப்போகின்றது என்பதை அறிவிப்பது பிறேக் விளக்கு. இவ்விரண்டும் எரியாவிடின், அவன் பெட்டியைக் காண்பது அதன்மேல் மோதுங் கணத்திலேயாகும்.

விளக்கு எரியாதபோது கமக்காரர் முதலிற் செய்வது மின்குமிழை மாற்றுதல். புதுக்குமிழ் இரண்டு நாள் எரிந்து மீண்டும் அணைந்துவிட்டால், கடைக்காரன் கெட்ட சாமானைத் தந்துவிட்டான் என்று மனங்கசப்பர். பெரும்பாலும் கடைக்காரன் மேற் குற்றமில்லை. பழுது குமிழிலன்று, தொடுப்பிலேயே இருக்கும். அதிலும் பெரும்பாலும் எர்த்துத் தொடுப்பில் இருக்கும்.

இதன் காரணத்தை அறிதல் நன்று. வாய்க்காலில் ஓடும் நீர் பாத்தியை அடைந்ததும் அதன் வேலை முடிந்துவிடும். மின்னோட்டம் அத்தகையதன்று. பற்றரியிலிருந்து புறப்பட்டு விளக்கை அடைந்தது திரும்பவும் பற்றரியை வந்தடைதல் வேண்டும். திரும்பும் வழி அறுந்தால், போகும் வழி எவ்வளவு சீராயிருப்பினும் விளக்கு எரியாது. பல பெட்டிகளில் இத்திரும்பும் வழிக்கெனத் தனி வயர் போடப்படுவதில்லை. பெட்டியின் இரும்புச் சட்டமும், அதனை இயந்திரத்தோடு பூட்டும் இணைப்பாணியுமே எர்த்தாகப் பயன்படுகின்றன. அவ்வாணியிலோ கிறீசும் துருவும் செம்மண்ணும் அப்பிக்கிடக்கும். இழுக்கும்போது ஆணி துளையில் இறுகித் தொடும். பிறேக் பிடித்துப் பெட்டி முன்னே தள்ளும்போது தொடுகை தளரும். விளக்கு எரியவேண்டிய அதே கணத்தில் அது அணைவதன் இரகசியம் இதுவே.

ஆகவே விளக்கின் எர்த்து முனையிலிருந்து செருகி வரையும், செருகியின் சொக்கற்றிலிருந்து இயந்திரத்தின் சட்டம் வரையும் தனி வயர் ஒன்று இழுத்துவிடுதல் வேண்டும். ஏனைய பரிகாரங்கள் யாவற்றினும் இது முதன்மையானது. செலவும் சில யார் வயருக்கான செலவேயாகும்.

பழுது எங்கேயுள்ளது என்பதை விளக்குகளே காட்டிக்கொடுக்கும். பிறேக்கை மிதிக்கும்போது பின் விளக்கு மங்கினாலோ, திரும்பற் சமிக்ஞை விளக்கும் கூடவே மினுங்கினாலோ, எர்த்து அறுந்துள்ளது என்று கொள்ளலாம். திரும்பும் வழி கிடையாத மின்னோட்டம் வேறொரு விளக்கினூடாக வழிதேடுகின்றது. ஒரு விளக்கு மாத்திரம் எரியாவிடின் அதன் குமிழையும் குமிழ்க் கிண்ணத்தையும் பார்த்தல் வேண்டும். பெட்டியின் பிறேக் விளக்குகள் இரண்டும் எரியாமல், இயந்திரத்தின் பிறேக் விளக்கு எரியுமாயின், செருகியையும் அதற்கப்பாலுள்ள வயரையும் ஆராய்க. இயந்திரத்திலும் எரியாவிடின் பியூசையோ பிறேக் மிதியின் ஆளியையோ ஐயுறலாம். இடமும் வலமுமாக இரண்டு பிறேக் மிதிகள் கொண்ட இயந்திரங்கள் சிலவற்றில் ஆளி ஒரு மிதியோடு மாத்திரமே பொருத்தப்பட்டிருக்கும். வயலில் திரும்புவதற்காகப் பிரித்த மிதிகளை வீதிக்கு ஏறுமுன் ஒன்றாகக் கொளுவிவிடல் வேண்டும். கொளுவாதுவிடின் விளக்கு எரியாமற் போவது மட்டுமன்று, ஒருபக்கச் சில்லு மாத்திரம் தடைப்பட்டு இயந்திரம் புரளவுங் கூடும்.

எர்த்தைச் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. நீண்ட வயர் ஒன்றின் ஒரு நுனியை இயந்திரச் சட்டத்தின் சுரண்டித் துலக்கிய இடத்திலும், மறுநுனியை விளக்கின் எர்த்து முனையிலும் தொடுத்து, ஒருவரைப் பிறேக்கை மிதிக்கச் செய்க. மங்கலாயிருந்த விளக்கு பளிச்சென்று எரிந்தால் பழுது எர்த்திலேதான். பல்மானி வைத்திருப்போர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும்: விளக்கை எரியவிடாது அளந்தால் துருப்பிடித்த தொடுப்பும் 12 வோல்ற்று என்றே காட்டும். பாரம் ஏற்றினாலன்றி அதன் பலவீனம் வெளிப்படாது. 21 வாற்றுப் பிறேக் குமிழ்கள் இரண்டும் எரியும்போது, எர்த்தில் ஒரேயொரு ஓம் தடை இருந்தாலும் குமிழ்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 9 வோல்ற்று மாத்திரமே.

எல்ஈடி விளக்குப் பூட்டியோர் நேர்முனை, எதிர்முனை மாறாது கொடுத்தல் அவசியம். பழைய பிரித்தானிய இயந்திரங்கள் சிலவற்றில் பற்றரியின் நேர்முனையே சட்டத்தோடு தொடுக்கப்பட்டது என்பதை மறத்தலாகாது.

ஐப்பசி, கார்த்திகை மழையிற் சேறும் நீரும் செருகியினுட் புகுந்து பித்தளை முனைகளிற் பச்சை படரச் செய்யும். பற்றரித் தொடுப்பைக் கழற்றியபின் முனைகளை அரத்தாளால் துலக்கி, மெல்லியதாக வசிலின் தடவுக. பூட்டாத வேளையில் செருகி நிலத்திற் கிடத்தல் கூடாது; வாய் கீழ்நோக்கக் கட்டித் தூக்கிவிடுதல் நன்று.

அயலாரின் பெட்டியை இரவல் வாங்கிப் பூட்டும்போது செருகியின் முனைகள் பொருந்தாமற் போதலும் உண்டு. ஏழு முனைச் செருகியின் சர்வதேச முறைப்படி 3 ஆம் முனை எர்த்து, வெள்ளை வயர். 6 ஆம் முனை பிறேக் விளக்கு, சிவப்பு வயர். 1 இடப்பக்கச் சமிக்ஞை, 4 வலப்பக்கச் சமிக்ஞை. 5 உம் 7 உம் வலது, இடது பின் விளக்குகள். ஆயின் கைக்குக் கிடைத்த நிற வயரைக்கொண்டு வேலை முடிப்போர் உளராதலால் நிறத்தை நம்பாது முனையின் இலக்கத்தைப் பார்த்தலே தக்கது.

பெட்டியைப் பூட்டினால் மாத்திரம் பியூஸ் எரிகின்றதாயின், எங்கோ வயரின் உறை உரிந்து இரும்பைத் தொடுகின்றது. வளைவில் திரும்பும்போது இழுவைத்தண்டினிடையே நசியும் இடத்தை முதலிற் பார்க்க. பியூசுக்குப் பதிலாகத் தடித்த கம்பியையோ சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளையோ வைப்போர் உளர். இது கொடிய வழக்கம். அப்போது எரிய வேண்டிய பியூஸ் எரியாது; வயரே பழுக்கக் காய்ந்து எரியும். பெட்டியில் இருப்பது வைக்கோலாயின் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் மோட்டார் வாகனங்கள் இழுத்துச்செல்லும் வீட்டுப்பெட்டிகள் பலவற்றின் சில்லுகளில் மின்காந்த பிறேக்குகள் உண்டு. சாதாரணமாகச் சில்லொன்றுக்குச் சுமார் 3 அம்பியர் வேண்டுமாதலின், எர்த்துப் பழுதானால் அங்கே விளக்கு மங்குவதோடு பிறேக்கும் தளர்ந்துவிடும். சோதிக்கும் முறையோ இங்கு கூறியதேயாகும்.

பற்றரியில்லாத சிறிய இரு சில்லு உழவு இயந்திரத்திற் பெட்டி பூட்டுவோர், பற்றரியில் எரியும் தனிச் சிவப்பு விளக்கொன்றைப் பின்பலகையிற் கட்டி, ஒளிதெறிக்கும் சிவப்புப் பட்டியையும் ஒட்டுதல் வேண்டும். மூடைகளின் சாக்கும் வைக்கோலும் அவற்றை மறையாதிருக்கின்றனவா என்பதை, ஏற்றி முடிந்தபின் இருபது யார் பின்னே சென்று நின்று பார்த்தல் வேண்டும்.