மணியோசை இல்லாத கிறிஸ்துமஸ்!

டிசம்பர் கடைசி வாரத்தில் நான் கேட்கிற கிறிஸ்துமஸ் பாட்டுகளில் மணியோசை கிடையாது. சிவப்புக் குல்லா தாத்தாவும் ஆப்சென்ட். ஒன்று, போலீஸைத் திட்டுகிற ராக். இன்னொன்று, லாக்கப்பில் கிடக்கும் குடிகாரனின் கதை. ''இதுக்கும் கிறிஸ்துமஸுக்கும் என்ன ஸார் சம்பந்தம்?'' என்பீர்கள். பிரிட்டன்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்!

அங்கே கிறிஸ்துமஸ் வாரத்தில் விற்பனையில் முதலிடம் பிடிக்கிற பாட்டுக்குத் தனி மவுசு. நம்ம ஊர் தீபாவளி ரிலீஸ் மாதிரி. எது ஜெயிக்கும் என்று பந்தயம்கூடக் கட்டுவார்கள். 2005 முதல் 2008 வரை நாலு வருஷமும் அந்த இடம் 'எக்ஸ் ஃபேக்டர்' என்ற டி.வி. பாட்டுப் போட்டியில் ஜெயித்தவருக்கே போயிற்று. போட்டி முடிவதும் டிசம்பர், பாட்டு ரிலீஸும் டிசம்பர். பரீட்சைக்கு முன்னாலேயே ரிசல்ட்!

2009-ல் ஜான் மோர்ட்டர், டிரேஸி மோர்ட்டர் என்ற தம்பதிக்கு வெறுத்துப் போயிற்று. ஃபேஸ்புக்கில் ஆள் சேர்த்தார்கள். 'ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின்' என்ற அமெரிக்கக் குழு 1992-ல் வெளியிட்ட 'கில்லிங் இன் த நேம்' பாட்டை எல்லோரும் காசு கொடுத்து டவுன்லோட் செய்வோம் என்றார்கள். போலீஸின் நிறவெறியைச் சாடும் பாட்டு அது. முடிவில் ஒரு கெட்ட வார்த்தை திரும்பத் திரும்ப வரும். பி.பி.சி. ரேடியோ, ''காலை நேரம், அது மட்டும் வேண்டாமே'' என்று கேட்டுக்கொண்டு குழுவை நேரடியாகப் பாட வைத்தது. கொஞ்ச நேரம் சமர்த்தாக இருந்தார்கள். அப்புறம் ஆரம்பித்துவிட்டார்கள். பி.பி.சி. அவசர அவசரமாகப் பாட்டை நிறுத்தியது.

விற்றது 5 லட்சத்துக்கும் மேல். அந்த வருஷ எக்ஸ் ஃபேக்டர் வெற்றியாளர் ஜோ மெக்எல்டெரி சுமார் 50 ஆயிரம் வித்தியாசத்தில் இரண்டாம் இடம். (பாவம், 18 வயசுப் பையன். அவன் என்ன செய்வான்?)

பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? கல்லாவை எட்டிப் பார்த்தேன். இரண்டு பாட்டுமே சோனி கம்பெனியின் கிளைகள் வெளியிட்டவை! எவன் ஜெயித்தாலும் பணம் ஒரே வீட்டுக்கு. ஆனாலும் இந்தக் கலாட்டாவில், வீடில்லாதவர்களுக்காக உழைக்கும் 'ஷெல்டர்' அமைப்புக்கு நன்கொடை சேர்ந்தது. 2010 ஜூன் 6-ல் லண்டன் ஃபின்ஸ்பரி பார்க்கில் அந்தக் குழு இலவசக் கச்சேரியும் நடத்தியது.

சரி, அது வம்புக்காகக் கேட்கிற பாட்டு. ராத்திரி பதினோரு மணிக்குத் தனியாகக் கேட்பது இரண்டாவதைத்தான்... 1987-ல் 'த போக்ஸ்' குழு வெளியிட்ட 'ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்'. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, லாக்கப்பில் ஓர் ஐரிஷ்காரன். பிழைக்கப் போன ஊரில் காதலித்தவளை நினைத்துப் பார்க்கிறான். ஆரம்பத்தில் ஆட்டமும் கனவும். அப்புறம் இருவரும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்கிறார்கள். ஆனாலும் ஒட்டிக்கொண்டு ஏதோ ஒன்று மிச்சம் இருக்கிறது. லீவு கிடைக்காமல் பண்டிகை நாளில் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவனுக்கும், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவனுக்கும் கடைகளில் போடுகிற ஜிங்கிள் சமாசாரம் எப்படி ஸார் ஒட்டும்?

பாட்டில் நியூயார்க் போலீஸ் பாடகர் குழு ஒன்று வருகிறது. நிஜத்தில் அப்படி ஒரு குழுவே இல்லை! வீடியோவுக்காகப் போலீஸின் பேக்பைப் வாத்தியக் கோஷ்டியைக் கூட்டி வந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பாட்டு தெரியாது. அதனால் மிக்கி மவுஸ் பாட்டுக்கு வாயசைத்துச் சமாளித்தார்கள்.

பெண் குரல் கிர்ஸ்டி மெக்கால். 2000 டிசம்பர் 18-ல் மெக்ஸிகோ கடலில், பாய்ந்து வந்த படகின் பாதையிலிருந்து மகனைத் தள்ளிவிட்டுத் தான் அடிபட்டு இறந்தார். ஆண் குரல் ஷேன் மெக்கவன். பிறந்ததே 1957 டிசம்பர் 25. 2023 நவம்பர் 30-ல் போய்விட்டார். டிசம்பர் 8-ல் அயர்லாந்தின் நீனா ஊர்ச் சர்ச்சில் அவருக்கு இறுதிப் பிரார்த்தனை. அங்கே இந்தப் பாட்டைத்தான் பாடினார்கள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வீட்டுக்காரர்கள் எழுந்து ஜோடி ஜோடியாக ஆடினார்கள்.