பைக் இன்ஜினில் ஆயில் ஒழுகுதா? ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

செயின் பராமரிப்பு பற்றிப் பேசின எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "வண்டி நிறுத்துற இடத்துல கறுப்பா சொட்டு விழுது. மெக்கானிக் இன்ஜினை இறக்கணும்னு சொல்றார். நிஜமாவே இறக்கணுமா?"

பல சமயம் வேண்டியதில்லை. ஆனால் அதை உறுதியா சொல்லணும்னா ஒரு விஷயம் தெரியணும். சொட்டு விழுகிற இடம் வேற, ஆயில் புறப்படுகிற இடம் வேற. மொட்டை மாடியில் விரிசல் இருந்தால் தண்ணீர் ஹால் சுவரில்தானே தெரியும்? அதே கதைதான். இன்னைக்கு அந்த மூல இடத்தைக் கண்டுபிடிக்கிற வழியைப் பார்ப்போம்.

ஒரு சொட்டுக்கு ஏன் கவலைப்படணும்?

நம்ம ஊரில் ஓடுகிற 100, 125, 150 சிசி வண்டிகளில் மொத்த ஆயிலே சுமார் ஒரு லிட்டர்தான். அதில் 200 மில்லி போனாலே ஐந்தில் ஒரு பங்கு காலி. ஏர் கூல்டு இன்ஜினில் ஆயில் உராய்வைக் குறைப்பதோடு நிற்பதில்லை, சூட்டையும் இழுத்துக்கொண்டு போகிறது. அது குறைந்தால் கேம் ஷாஃப்ட், பிஸ்டன் எல்லாம் வேகமா தேயும். முற்றிலும் வற்றினால் இன்ஜின் சீஸ் ஆகி, ஓட்டத்திலேயே வண்டி இறுகி நிற்கும்.

இன்னொரு ஆபத்து, ஆயில் காற்றில் பின்னால் பறந்து டயரில் படுவது. அந்த டயரோட ஒரு வளைவில் சாய்த்தால் என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. பின் டயரிலோ டிஸ்க்கிலோ ஆயில் பட்டிருந்தால் அதைச் சுத்தம் பண்ணாம வண்டியை எடுக்காதீங்க. பிரேக் பேடு ஆயிலில் ஊறிப்போயிருந்தால் மாற்றத்தான் வேணும்.

விழுவது ஆயில்தானா?

ராத்திரி இன்ஜினுக்கு அடியில் ஒரு அட்டையை விரிச்சு வைங்க. காலையில் அந்தக் கறையைப் பாருங்க. பழுப்பாவோ கறுப்பாவோ வழவழன்னு இருந்தால் இன்ஜின் ஆயில். பச்சையாவோ சிவப்பாவோ தண்ணி மாதிரி இருந்து, வண்டியில் ரேடியேட்டரும் இருந்தால் கூலன்ட். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கறை இருந்தால் ஃபோர்க் ஆயிலாகவோ பிரேக் ஆயிலாகவோ இருக்கலாம். பெட்ரோல் வாசனை வந்தால் அங்கேயே நிறுத்துங்க. ஸ்டார்ட் பண்ண வேண்டாம், பக்கத்தில் நெருப்பு வேண்டாம், பெட்ரோல் டேப் இருந்தால் மூடிவிடுங்க.

இதில் நிறைய பேர் ஏமாறுவது செயின் லூப்ரிகன்ட்டில். அளவுக்கு மேல் அடித்த லூப், முன் ஸ்பிராக்கெட் கவருக்குள் சேர்ந்து, கறுப்பா கீழே வடியும். பார்த்தால் அப்படியே இன்ஜின் ஒழுகுவது போலவே இருக்கும். கவரைக் கழற்றித் துடைத்துவிட்டு ரெண்டு நாள் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது ஆயில் அளவு. சமதளத்தில் வண்டியை நேரா நிறுத்திப் பாருங்க. பெரும்பாலான சின்ன வண்டிகளில் டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மரையில் திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுக்கணும். சில வண்டிகளில் முறை வேற, அதனால் உங்க மேனுவலைப் பார்த்துக்கோங்க. குறைவா இருந்தால் ஊற்றிட்டுத்தான் மற்ற வேலை. மேல் கோட்டைத் தாண்டி இருந்தாலும் பிரச்சினைதான், காரணத்துக்குக் கொஞ்ச நேரத்தில் வரேன்.

பவுடர் டெஸ்ட்

அழுக்கு இன்ஜினில் கசிவைத் தேடுவது வீண் வேலை. இன்ஜின் நல்லா ஆறின பிறகு, கொஞ்சம் டீசலும் பழைய பிரஷ்ஷும் வைத்து இடுக்கெல்லாம் தேய்ங்க. சோப்புத் தண்ணியில் கழுவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, முழுசா காய விடுங்க. சூடான இன்ஜினில் டீசலோ தண்ணியோ கூடவே கூடாது.

காய்ந்ததும், கவர்கள் சேருகிற கோடுகள் மேல் டால்கம் பவுடரை லேசா தூவுங்க. சாதாரண முகப் பவுடர் போதும். பிறகு ஒரு பத்து, பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு பளிச்சுன்னு தெரியும்.

இங்கே ஞாபகம் வைக்க வேண்டியது ஒரே விதி. ஈரமான இடங்களில் எது மிக உயரத்தில், எது மிக முன்னால் இருக்கோ, அதுதான் சந்தேகத்துக்குரிய இடம். ஆயில் கீழே இறங்கும், காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் கீழே, பின்னால் இருக்கிற ஈரம் விளைவு மட்டும்தான்.

மேலிருந்து கீழே

உச்சியில் டாப்பெட் கவர். அதன் ரப்பர் ரிங்கோ பேக்கிங்கோ சூட்டில் கட்டியாகி ஒழுகும். ரொம்ப சாதாரணமான பிரச்சினை.

அதுக்குக் கீழே ஹெட்டும் பிளாக்கும் சேருகிற கோடு, பிளாக்கின் அடிக்கோடு, பிளாக்கோட ஒட்டியிருக்கிற டைமிங் செயின் டென்ஷனர்.

ஒரு பக்கம் கிளட்ச் கவர், மறுபக்கம் மேக்னெட் கவர். இவற்றின் சுற்றுக்கோடு ஈரமா இருந்தால் பேக்கிங். கிக்கரோ கியர் லீவரோ வெளியே வருகிற ஷாஃப்ட்டைச் சுற்றி மட்டும் ஈரம்னா ஆயில் சீல். முன் ஸ்பிராக்கெட்டுக்குப் பின்னால்னா அங்கேயும் ஒரு சீல் இருக்கு.

கடைசியா அடியில் டிரெயின் போல்ட். இங்கே ஒழுகினால் முக்கால்வாசி வாஷர்தான். அது ஒரு தடவை நசுங்கி அடைப்பதற்காகச் செய்தது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புதுசு போடணும். பழைய வாஷரை வைத்து முறுக்க முறுக்க, அலுமினிய மரை போய்விடும். அப்புறம் சில ரூபாயில் முடிய வேண்டியது பெரிய செலவா ஆகும்.

பல இடத்தில் ஒரே நேரத்தில் ஒழுகினால்?

அப்போ பேக்கிங்கைச் சந்தேகப்படாதீங்க, அழுத்தத்தைச் சந்தேகப்படுங்க. பிஸ்டன் கீழே இறங்கும்போது அதுக்கு அடியில் இருக்கிற காற்று நெருங்கும். அது வெளியேற ஒரு பிரீதர் குழாய் இருக்கு, பெரும்பாலும் ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும். அந்தக் குழாய் அடைத்தாலோ மடங்கினாலோ, காற்று பலவீனமான சீல் வழியா ஆயிலைத் தள்ளிக்கொண்டு வரும். ஆயில் அதிகமா ஊற்றினாலும், பிஸ்டன் ரிங் தேய்ந்தாலும் இதே தொல்லை. இதைக் கவனிக்காமல் புது பேக்கிங் போட்டால் அதுவும் ஒழுகும்.

வெளியே ஒரு துளிகூட ஈரம் இல்லை, ஆனா அளவு குறைஞ்சுகிட்டே போகுது, சைலன்சரில் நீலப் புகை வருதுன்னா ஆயில் உள்ளே எரியுது. ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும். அதுக்குத்தான் இன்ஜினைத் திறக்கணும்.

நாமே எதைச் செய்யலாம்?

உணவு டெலிவரி பண்ற என் நண்பன் ஒருத்தனுக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில், பிளாக் பேக்கிங் போச்சு, இன்ஜினை இறக்கணும்னு சொன்னாங்க. மூணு நாள் வண்டி இல்லைன்னா அவனுக்கு மூணு நாள் வருமானம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பவுடர் டெஸ்ட் பண்ணினோம். பிளாக்குக்கு மேலே, டாப்பெட் கவர் ஓரத்திலிருந்து கோடு இறங்கியிருந்தது. புது ரப்பர் ரிங்கோட விலை ஒரு பிரியாணிக்கும் குறைவு. திங்கட்கிழமை காலையில் அவன் வேலைக்குப் போயிட்டான். அந்த மெக்கானிக் ஏமாற்றினார்னு நான் சொல்லமாட்டேன். அழுக்கு இன்ஜினைப் பார்த்து யாரா இருந்தாலும் அப்படித்தான் ஊகிப்பாங்க.

டிரெயின் வாஷர், ஆயில் ஃபில்டர் கவரின் ஓ-ரிங், டாப்பெட் கவர், பிரீதர் குழாய், இதெல்லாம் முதல் தடவை செய்கிறவங்களுக்கும் சரி. கிளட்ச் கவர் பேக்கிங், கியர் ஷாஃப்ட் சீல், கொஞ்சம் பழகின பிறகு. ஹெட்டையும் பிளாக்கையும் கழற்றுவது, அனுபவமுள்ளவர் பக்கத்தில் இருந்தால் மட்டும். வாரன்டி இருக்கிற வண்டின்னா எதையும் திறக்காம சர்வீஸ் சென்டருக்கே போங்க.

கவர் வேலை செய்யும்போது கவனிக்க வேண்டியவை:

• போல்ட்கள் ஒரே நீளமா இருக்காது. அட்டையில் கவரோட வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் துளை போட்டுச் செருகி வைங்க.

• பழைய பேக்கிங்கை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டாதீங்க. அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தாலே புதுக் கசிவுக்கு வழி.

• புது பேக்கிங் மேல் சிலிக்கான் பேஸ்ட்டை அப்பாதீங்க. உள்பக்கம் பிதுங்கி உடைகிற துண்டு, ஆயில் வழியை அடைக்கும்.

• போல்ட்களை எதிரெதிரா, ரெண்டு மூணு சுற்றில் இறுக்குங்க. எவ்வளவு இறுக்கம்னு மேனுவலில் இருக்கும். முடிஞ்சா டார்க் ரெஞ்ச் வாங்குங்க.

• ஆயில் பாட்டிலில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை இருக்கான்னு பாருங்க. நம்ம கியர் பைக்குகளில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே ஓடுது. கார் ஆயில் ஊற்றினால் அது வழுக்கலாம்.

சென்னையில் இருக்கிறவங்க ஸ்பேர்ஸுக்கு ஜி.பி. ரோடு போவீங்க. பழைய ரிங்கைக் கையோட எடுத்துட்டுப் போங்க. வண்டியோட வருஷத்தையும் சொல்லுங்க. ஒரே பெயரில் வந்த வண்டிக்கும் வருஷத்துக்கு வருஷம் பேக்கிங் மாறும்.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீங்க. 2016-ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகளில் பழைய ஆயிலும் வருது. பாட்டிலில் மூடி, பழைய ஆயிலைச் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்புகிற ஒர்க்‌ஷாப்பில் கொடுங்க.

வேலை முடிஞ்சதும் பவுடர் டெஸ்ட்டை இன்னொரு தடவை பண்ணுங்க. பவுடர் காய்ந்தே இருந்தால், தேதியையும் கிலோமீட்டரையும் போனில் குறிச்சு வைங்க. அடுத்த வாரம் ஆயில் அளவை ஒரு தடவை பாருங்க. அது இறங்காம இருந்தால்தான் கசிவு நின்னுச்சுன்னு அர்த்தம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.