ஜெயிலுக்குப் போனவருக்கு ஓட்டு உண்டா?

"ஜெயிலுக்குப் போய் வந்தவனுக்கு ஓட்டு ஏது?" என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். தண்டனை முடிந்து வந்தவரும் அதை நம்பி, தேர்தல் நாளில் வீட்டிலேயே இருந்து விடுவது உண்டு.

அது தவறு. விடுதலையானதும் ஓட்டு உரிமை தானாகவே திரும்பி விடுகிறது. கொலை வழக்கில் தண்டனை பெற்றவருக்கும் இதே சட்டம்தான். மனுப் போட்டுக் கெஞ்ச வேண்டியதில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஓட்டுக்கு லஞ்சம், கள்ள ஓட்டு போன்ற குற்றங்களுக்குத் தண்டனை பெற்றால் 6 ஆண்டு தடை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. புளோரிடா மாநிலத்தில், தண்டனை முடிந்த பிறகும் ஓட்டு இல்லாமல் பல லட்சம் பேர் இருந்தார்கள். 2018-ல் மக்களே ஓட்டுப் போட்டு அந்தச் சட்டத்தை மாற்றினார்கள்.

கம்பிக்குள் இருப்பவர்கள்

நம் நாட்டில் ஜெயிலுக்குள் இருக்கும் வரைதான் தடை. 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62-வது பிரிவு அப்படிச் சொல்கிறது.

ஆனால் அது குற்றவாளிகளை மட்டும் தடுக்கவில்லை. வழக்கு முடியாமல் உள்ளே இருப்பவருக்கும் ஓட்டு இல்லை. 2022-ம் ஆண்டு முடிவில் இந்திய ஜெயில்களில் இருந்தவர்கள் சுமார் 5 லட்சத்து 73 ஆயிரம் பேர். அவர்களில் 4 லட்சத்து 34 ஆயிரம் பேர் விசாரணைக் கைதிகள்!

ஒரே வழக்கில் இரண்டு பேர் சிக்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். வசதி உள்ளவர் ஜாமீனில் வந்து ஓட்டுப் போடுவார். ஜாமீனுக்கு ஆள் கிடைக்காத கூலிக்காரர் போட முடியாது.

புதுக்கோட்டையில் ஜில்லா ஜெயிலோடு, வாலிபர்களைத் திருத்தும் பார்ஸ்டல் பள்ளியும் இருக்கிறது. 1989 முதல் 18 வயதிலேயே ஓட்டு. தேர்தல் சமயத்தில் அங்கே இருக்கும் வாலிபனுக்கு, வாழ்க்கையின் முதல் ஓட்டே போய்விடும்.

வேடிக்கையைக் கேளுங்கள். குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டவர் தபால் ஓட்டுப் போடலாம்! ஜெயிலில் இருந்தபடியே தேர்தலிலும் நிற்கலாம். 2024-ல் எஞ்சினீயர் ரஷீத், திகார் ஜெயிலில் இருந்துகொண்டே காஷ்மீரின் பாரமுல்லா தொகுதியில் ஜெயித்தார். ஓட்டுப் போட மட்டும் அவருக்கு உரிமை இல்லை.

1997-ல் சுப்ரீம் கோர்ட்டு இந்தத் தடை செல்லும் என்று தீர்ப்புக் கூறியது. கைதிகள் ஓட்டுப் போட ஏராளமான போலீசார் வேண்டும் என்பது ஒரு காரணம். தபால் ஓட்டு இருக்கும்போது, இது பலமான காரணமாகத் தோன்றவில்லை. தென் ஆப்பிரிக்காவில் 1999-ல் கோர்ட்டே தலையிட்டு, கைதிகளுக்கு ஓட்டு வாங்கித் தந்தது.

பட்டியலில் பெயர் இருக்கிறதா?

வெளியே வந்தவர் முதலில் வாக்காளர் பட்டியலைப் பார்க்க வேண்டும். ஜெயிலில் இருந்ததால் அது அவருடைய வசிப்பிடம் ஆகிவிடாது. பெயர் விடுபட்டிருந்தால், 6-ம் எண் படிவத்தை நிரப்பி, உங்கள் பகுதி வாக்குச்சாவடி அலுவலரிடம் கொடுக்கலாம். கட்டணம் இல்லை. ஜெயிலுக்குப் போனீர்களா என்ற கேள்வியும் அதில் இல்லை.