அரசு ஒலிபரப்பிலிருந்து பொதுச்சேவை ஒலிபரப்புக்கு: பணியாளர் பயிற்சியில் மொழியின் இடம்

அரசு ஒலிபரப்பு, அரசு சொல்ல விரும்புவதை மக்களிடம் சேர்க்கிறது; பொதுச்சேவை ஒலிபரப்பு, மக்கள் அறிய வேண்டியதைச் சேர்க்கிறது. முன்னதைப் பின்னதாக்கச் சட்டம் தேவை. சட்டம் மட்டும் போதுமா என்பதே நம் வினா.

இலங்கை வானொலி 1967இல் அரசுத் துறை என்னும் நிலை நீங்கிக் கூட்டுத்தாபனமாயிற்று. எனினும் அதன் சபையை நியமிக்கும் அதிகாரம் அமைச்சரிடமே இருந்தது. இந்தியாவில் பிரசார் பாரதிச் சட்டம் 1990இல் நிறைவேறி, 1997இல் நடைமுறைக்கு வந்தது. அகில இந்திய வானொலியும் தூர்தர்ஷனும் தன்னாட்சி அமைப்பின்கீழ் வந்தன. ஆயினும் பணியாளர்கள் அரசு ஊழியர்களாக வந்தவர்களே. அவர்களுடன் அலுவலக நடையும் வந்தது. நம் நாட்டில் மின்னல் எஃப்.எம். ஒலிக்கும் ஆர்டிஎம் இன்றும் அமைச்சின்கீழ் உள்ள துறையே. ஆகவே இப்பாடம் நமக்கும் உரியது.

அலுவலக நடை யாது? லாபிஸ் வட்டாரத்தார் வெள்ளத்தை அறிவர். மழை வலுக்கும்போது, ‘தாழ்வான பகுதிகளில் வசிப்போர் விழிப்புடன் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்’ என ஓர் அறிவிப்பு வருவதாகக் கொள்வோம். இலக்கணப் பிழை இல்லை. ஆனால் செயப்பாட்டுவினையில் கேட்டுக்கொள்பவர் மறைந்துவிடுகிறார். செய்ய வேண்டிய செயலும் தெளிவாக இல்லை. ‘ஆற்றோரம் குடியிருப்போர் மாலை 6 மணிக்குள் பள்ளி மண்டபத்திற்குச் செல்லுங்கள், மருந்தையும் அடையாள அட்டையையும் மறவாதீர்கள் என மாவட்ட அலுவலகம் கூறுகிறது’ என்பதில் சொல்பவர், கேட்பவர், செயல், நேரம் நான்கும் உள்ளன.

முதல் வாக்கியத்தை எழுதியவர் சோம்பேறி அல்லர். சொன்னவர் பெயர் இல்லாத வாக்கியத்திற்கு எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. அது எழுதியவருக்குப் பாதுகாப்பு, கேட்பவருக்கு ஆபத்து. எனவே பயிற்சி செய்தி எழுதுவோரோடு நிற்கலாகாது. தெளிவாக எழுதியமைக்காக ஒருவர் கண்டிக்கப்படும்போது அவருக்குத் துணைநிற்க மேலாசிரியரும் பயில வேண்டும்.

அத்தகைய பயிற்சிக்கு மூன்று படிகளை முன்வைக்கிறோம். பழைய அறிவிப்புகளை எடுத்து மறைந்த எழுவாயைத் தேடுதல். அவற்றைத் திருத்தி எழுதுதல். திருத்தியதைத் துறைசாராத ஒருவருக்கு ஒருமுறை மட்டும் வாசித்து, அவர் என்ன செய்யப்போகிறார் என வினவுதல். வானொலி கேட்பவர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க இயலாதன்றோ?

ஆசிரியர்கள் இப்பயிற்சியை வகுப்பிலேயே தொடங்கலாம். பள்ளி அறிவிப்புப் பலகையிலுள்ள ஓர் அறிவிப்பை மாணவர் திருத்தட்டும். நாளை ஒலிவாங்கியின் முன் அமரப்போவோர் அவர்களே.